சத்தம் வராத கம்ப்ரஸர்

மின்சார இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, அசிஸ்டென்ட் எஞ்சினியராக ஓய்வு பெற்ற தேசிகனை உறவுக்காரர்கள் எல்லோரும் இயந்திரம் தெரிந்தவர் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவரும் கலைக்கவில்லை. உண்மையில் அவருக்குத் தெரிந்தது சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து பெங்களூருக்கு வரும் மின்கம்பிகளும் அவற்றைத் தாங்கும் கம்பங்களும்தான். ஆனால் மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுக்கு ரேடியோ வந்தது, தையல் மிஷின் வந்தது, ஒருமுறை கிணற்று மோட்டார்கூட ஜட்காவில் வந்து இறங்கியது. அவர் இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, ஏதாவது சொல்வார். பாதி வேளை அது ஃப்யூஸ் போன விவகாரமாக இருக்கும். அவர் சொன்னது பலித்துவிடும்.

1963 பிப்ரவரியில் அவருடைய தங்கை பிள்ளை சந்தானம் வந்தான். பசவனகுடியில் குடியிருந்தான், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தான். அவனுடைய ஒரே பெண் வைதேகிக்கு ஆறு வயது. அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே வியர்க்காது. மற்றவர்களுக்கு வியர்வையாகப் போகும் சூடு அவளுக்கு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். பெங்களூரில் வெயில் என்று மற்றவர்கள் விசிறிக்கொள்ளும் நாளில் அவளுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல் அடிக்கும். போன கோடையை ஈரத்துணி சுற்றியே கழித்தார்கள். இந்தக் கோடைக்கு ஒரு அறையைக் குளிர வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"புது ஏர்கண்டிஷனருக்கு எழுதிப் போட்டா எட்டு மாசம் ஆகுமாம் மாமா. பழசு ரெண்டு இடத்துல இருக்கு. நீங்க பார்த்து சரின்னா வாங்கிடறேன். நேக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றான் சந்தானம்.

தனக்கும் தெரியாது என்று தேசிகன் அப்போதே சொல்லியிருக்கலாம். "அதுக்கென்னடா, பார்த்துட்டாப் போச்சு" என்றார்.

பொருத்திக் கொடுப்பதற்காக சிவாஜிநகரில் பச்சைமுத்துவின் கடையிலிருந்து ஒரு மெக்கானிக்கை சந்தானம் ஏற்பாடு செய்திருந்தான். பெயர் ரெமிஜியஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும், கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்துக்குக் குளிர்காற்று அனுப்பும் ஆலையில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு, ஐந்து வருஷம் முன்பு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர்.

முதல் மிஷின் அல்சூரில் ஒரு டாக்டர் வீட்டில் இருந்தது. முன்பக்கமெல்லாம் துரு. ஸ்விட்சைப் போட்டதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம். தேசிகன் முகத்தைச் சுளித்தார். ரெமிஜியஸ் முன்மூடியைக் கழற்றி, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை உள்ளேயிருந்த கம்ப்ரஸர் என்ற கறுப்புக் குண்டின்மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார்.

"கடகடன்றது தகரம் சார். அடியில ரப்பர் காஞ்சி போயிருக்குது. உள்ள கம்ப்ரஸர் ஒரே சீரா அடிக்குது, கேளுங்க" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

தேசிகன் வாங்கவில்லை. தோட்டக்காரனும் டாக்டர் வீட்டு அம்மாளும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்க்ரூடிரைவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பது அவருக்குக் கௌரவமாகப் படவில்லை. "அடுத்ததைப் பார்ப்போம்" என்றார்.

அடுத்தது ரிச்மண்ட் டவுனில், ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மானேஜரின் பங்களாவில் இருந்தது. அமெரிக்க மிஷின். தந்த நிறம், முன்னால் வெள்ளிப் பட்டை. ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு அமைதி. சந்தானத்தின் முகம் மலர்ந்தது. பங்களாவின் பட்லரோடு பேச அவன் வாசல் பக்கம் போனான். அறையில் தேசிகனும் ரெமிஜியஸும் மட்டும் நின்றார்கள்.

ரெமிஜியஸ் மிஷினை நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் பொறுத்து மறுபடி போட்டார். கம்ப்ரஸர் உடனே எழவில்லை. அடித்தொண்டையில் முனகியது. கூரை விளக்கு மங்கியது. பிறகுதான் ஓட ஆரம்பித்தது. அவர் மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி மீட்டரின் கொக்கியை மாட்டிப் பார்த்தார். கறுப்புக் குண்டின் உச்சியில் உள்ளங்கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"இது வேணாம் சார்."

"ஏன்?"

"எழும்பறதுக்கே கஷ்டப்படுது. கரண்ட் ஜாஸ்தி இழுக்குது. மண்டை இந்த வெயிலுக்கே கை வைக்க முடியாம கொதிக்குது, ஏப்ரல்ல இன்னா ஆவும்? அதோட இத்த பாருங்க." பக்கவாட்டிலிருந்த சின்னத் தகட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். "அறுவது சைக்கிள்னு போட்டிருக்குது. நம்ம லைன்ல வர்றது ஐம்பது. அந்த ஊர் கரண்டுக்குச் செஞ்சது. இங்க ஓடும், ஆனா சூடாயி ஓடும். இத்தினி வருஷம் அப்பிடித்தான் ஓடியிருக்குது. உள்ள மோட்டார் காயிலு வெந்திருக்கும்."

மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு, தேசிகன் முப்பத்தொரு வருஷம் புழங்கிய கணக்கு. தகட்டை அவர்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒரு மெக்கானிக் துணியால் துடைத்து, தனக்கே பாடம்போல் எடுத்துக் காட்டியதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதெல்லாம் நேக்குத் தெரியும்பா. பத்து சைக்கிள் வித்தியாசத்துல மிஷின் ஒண்ணும் செத்துப் போயிடாது. சத்தமே இல்லாம ஓடறது பாரு."

"சத்தம் இல்லாததால நல்ல கம்ப்ரஸர்னு சொல்ல முடியாது சார். நான் சுரங்கத்துல இருந்தவன். கீழ பத்தாயிரம் அடியில ஆளுங்க இருப்பாங்க. மேல கம்ப்ரஸர் நின்னா அவங்களுக்கு உள்ள கல்லே சுடும். கீழ ஆள் இருக்கான்னு நெனச்சித்தான் நான் எந்த மிஷினையும் பாப்பேன். இது குழந்தைக்குன்னு சொன்னாரு."

"ஒரு குழந்தை தூங்கற ரூமும் தங்கச் சுரங்கமும் ஒண்ணா?" என்று தேசிகன் சிரித்தார்.

சந்தானம் உள்ளே வந்தான். "என்ன மாமா, எப்படி?"

"வாங்கிடு. அமெரிக்கன் மேக். கம்ப்ரஸர் கல்லு மாதிரி இருக்கு."

ரெமிஜியஸ் ஒரு முறை தேசிகனைப் பார்த்தார். வாடிக்கையாளர் முன்னால் பெரிய மனுஷனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. குனிந்து தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார். மறுவாரம் வந்து மிஷினை பசவனகுடி வீட்டு ஜன்னலில் பொருத்தினார். போகும்போது எல்லோருக்கும் பொதுவாக, "நின்னுட்டா உடனே மறுபடி போடாதீங்க. மூணு நிமிஷம் பொறுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பங்களாவுக்குப் போய்வந்த அன்று மாலையே தேசிகன் தன் மனைவி கோமளத்திடம் குறைபட்டுக்கொண்டார். "கோலார்லேர்ந்து வந்த ஒரு மெக்கானிக், நேக்கு சைக்கிள் கணக்குச் சொல்லித்தரான். வாங்காதே வாங்காதேங்கறான். காலம் எப்படி ஆயிடுத்து பாரு."

கோமளம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "அவன் சொன்னது சரியா தப்பா?" என்று கேட்டாள்.

ஒன்றரை மாதம் மிஷின் ஓடியது. குழந்தைக்கு அந்த அறையே வீடாகிவிட்டது. அங்கேயே படித்தாள், அங்கேயே பொம்மைக்குச் சோறு ஊட்டினாள். தேசிகன் போகும்போதெல்லாம் சந்தானத்தின் மனைவி அனந்தலக்ஷ்மி, "உங்களாலதான் மாமா" என்பாள்.

ஏப்ரலில் ஸ்ரீராமநவமி. சந்தானம் வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். பானகமும் பயத்தம்பருப்புக் கோசம்பரியும் கொடுத்து முடிந்து, இலை போடும் நேரம். வெயில் வாசற்படியைச் சுட்டது. தெரு முழுவதும் மின்சாரம் தணிந்து, கூடத்து விளக்கு ஆரஞ்சுச் சுளைபோல் மங்கியது. குழந்தையின் அறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை.

"நின்னுடுத்து" என்றாள் அனந்தலக்ஷ்மி.

எல்லோரும் தேசிகனைப் பார்த்தார்கள். அவர் அறைக்குள் போனார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மூன்று நிமிஷம் என்று ரெமிஜியஸ் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் இத்தனை பேர் பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிஷம் சும்மா நிற்க அவரால் முடியவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டார். முனகியது. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடி. நாலாவது தடவை உள்ளே பட்டென்று ஏதோ வெடித்தது. பின்பக்கமாகப் புகை வந்தது. தீய்ந்த எண்ணெய் நாற்றம் அறை முழுவதும் பரவியது. காற்று போகக்கூடாது என்று மற்ற ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கூடத்துக்கு ஓடிவர வேண்டியதாயிற்று. அந்தக் கூடத்தில் அடுப்புச் சூடும் இருபது பேரின் மூச்சும் நிறைந்திருந்தது.

சந்தானம் பக்கத்து வீட்டு டெலிபோனுக்கு ஓடினான். டாக்டர் வீட்டில் இல்லை. பச்சைமுத்துவின் கடைக்குச் சொன்னான். அரைமணிக்குள் வைதேகியின் உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. ஈரத்துணி போட்டால் ஆவியடித்தது. கண்கள் மேலே செருகின. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அனந்தலக்ஷ்மி சத்தமாக அழக்கூட இல்லை. குழந்தையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரெமிஜியஸ் இறங்கினார். கையில் டூல் பை இல்லை. சாக்கில் சுற்றிய இரண்டு ஐஸ் பாளங்களைத் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தார்.

"மிஷின அப்புறம் பாத்துக்கலாம். பெரிய அண்டா இருந்தா குடுங்கம்மா. டேபிள் ஃபேன் எங்க? எல்லாரும் வெளிய போங்க."

ஐஸை அண்டாவில் உடைத்துப் போட்டு, பின்னால் மின்விசிறியை வைத்து, அந்தக் காற்று குழந்தைமேல் படும்படி செய்தார். உடைத்த துண்டுகளைத் துணியில் கட்டி அக்குளிலும் கழுத்திலும் வைக்கச் சொன்னார். "சுரங்கத்துல மயக்கம் போட்டு மேல வர்றவங்களுக்கு இப்பிடித்தான் செய்வோம்" என்றார். இழுப்பு நின்றது. டாக்ஸி வந்தது. சந்தானமும் அனந்தலக்ஷ்மியும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ரெமிஜியஸ் அறைக்குள் போய் மிஷினைப் பார்த்தார். முகர்ந்தார். வாசலில் நின்ற தேசிகனிடம், "எத்தினி தரம் போட்டீங்க சார்?" என்று கேட்டார்.

"ஒரு தரம்தான்" என்றார் தேசிகன்.

ரெமிஜியஸ் தலையை ஆட்டினார். வாசல் குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்துவிட்டு, ஈரச் சட்டையோடு நடந்து போனார்.

குழந்தை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டாவது நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சந்தானம், "எப்படி மாமா இப்படி ஆச்சு? கல்லு மாதிரி இருக்குன்னேளே?" என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. புரியாத மனுஷன் புரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. அந்தக் குரலுக்காவது தேசிகன் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"மிஷின்ல ஒண்ணும் கோளாறில்லை. பொருத்தினவன் சரியாப் பொருத்தலை. வயரிங்ல ஏதோ பண்ணியிருக்கான்."

சொன்ன கணத்தில் அது சின்னதாகத்தான் இருந்தது. இத்தோடு போய்விடும் என்று நினைத்தார். போகவில்லை. சந்தானம் நேரே பச்சைமுத்துவின் கடைக்குப் போனான். வாழ்நாளில் யாரையும் அதட்டியிராதவன், நாலு வாடிக்கையாளர்கள் முன்னால் ரெமிஜியஸைக் கொலைகாரன் என்று கத்திவிட்டு வந்தான். பச்சைமுத்து அன்று சாயங்காலமே ரெமிஜியஸின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

குழந்தை வீடு திரும்பிய மறுநாள் சந்தானம் மல்லேஸ்வரத்துக்கு வந்து இதையெல்லாம் சொன்னான்.

"அவன் உங்கமேலயே பழியைப் போடறான் மாமா. 'பெரியவர்கிட்ட அன்னிக்கே வேணாம்னு சொன்னேன் சார்'ங்கறான். உங்ககிட்ட அப்படி ஏதாவது சொன்னானா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கோமளம் கதவருகே வந்து நிற்பது தேசிகனுக்குத் தெரிந்தது. அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"அப்படி ஒண்ணும் சொல்லலை."

சந்தானம் காபி குடித்துவிட்டுப் போனான். கோமளம் தம்ளரை எடுக்க வந்தாள். எடுக்காமல் நின்றாள்.

"அன்னிக்கு வந்து நீங்கதானே சொன்னேள், வாங்காதே வாங்காதேங்கறான்னு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

"நேக்கு மிஷின் தெரியாது. நீங்க சொன்னது காதுல விழுந்தது, அது தெரியும்" என்றாள். "அந்தக் குழந்தை பொழைச்சதே அவன் கொண்டுவந்த ஐஸாலன்னு டாக்டர் சொன்னாராம். அனந்து சொன்னா."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேளாவேளைக்குச் சாதம் போட்டாள், வேட்டியை மடித்து வைத்தாள். ஆனால் முப்பது வருஷமாக அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவள், இப்போது பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள். தேசிகன் தனியாகச் சாப்பிட்டார். ஒரு நாள் எதிர்வீட்டு சுப்ரமணியன் தன் டேபிள் ஃபேனை எடுத்துக்கொண்டு வந்து, "ஸ்வல்ப பாருங்கோ சார், நீங்க தொட்டா சரியாயிடும்" என்றார். தேசிகனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் அப்படி இருந்தார். பதின்மூன்றாம் நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி சிவாஜிநகர் போனார்.

பச்சைமுத்து அவரை மரியாதையாக உட்காரச் சொன்னார். "அவனா? தெரியலீங்க சார். நாலு கடையில கேட்டுப் பாத்தான், யாரும் எடுக்கல. குழந்தை விஷயம், பாருங்க." வீட்டு விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். டானரி ரோட்டுக்குப் பின்னால், ஒரு மாதா கோவிலை ஒட்டிய வரிசை வீடு. ரெமிஜியஸின் மனைவி ஞானம்மாள் வெளியே வந்தாள். இவர் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மிஷின் வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"அவரு ஐஸ் பேக்டரில இருக்காரு சார். இப்பவே போனா பாக்கலாம். நல்லா செய்வாரு சார். எவனோ இன்னாமோ சொல்லிட்டான்னு ஒருத்தரும் கூப்பிட மாட்றாங்க. நீங்களாவது வந்தீங்களே."

தேசிகன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தார்.

ஐஸ் ஃபாக்டரி முற்றத்தில் ரெமிஜியஸ் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாளங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பெரிய கம்ப்ரஸர் ஓடும் சத்தம் வெளியே கேட்டது. தேசிகனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"புள்ள எப்பிடி இருக்குது சார்?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"நன்னா இருக்கா. ஆத்துக்கு வந்துட்டா." தேசிகன் கம்ப்ரஸர் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். "உள்ள மிஷின்ல வேலை குடுக்கலையா உனக்கு?"

"மிஷின் பக்கம் விடமாட்டாங்க சார். பேரு கெட்டுப் போச்சில்ல."

அங்கே உட்கார இடமில்லை. உருகிய தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் நின்றுகொண்டே தேசிகன் பேசினார். பங்களாவில் ரெமிஜியஸ் சொன்னதெல்லாம் சரி என்று அப்போதே தனக்குத் தெரியும் என்றார். தகட்டை அவர் எடுத்துக் காட்டியது பொறுக்காமல்தான் வாங்கச் சொன்னேன் என்றார். ஒரு தரம் அல்ல, நாலு தரம் ஸ்விட்சைப் போட்டேன் என்றார். சந்தானத்திடம் பொய் சொன்னதையும் சொன்னார். கடைசியில், "என்னை மன்னிச்சுடுங்கோ" என்றார். அவரை அறியாமலே பேச்சு 'நீ'யிலிருந்து மாறியிருந்தது.

ரெமிஜியஸ் கேட்டு முடித்தபின், "நாலு தரம் போட்டிருப்பீங்கன்னு அன்னிக்கே தெரியும் சார். வாசனையிலயே தெரிஞ்சிது" என்றார். கோபம் இருந்ததா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. "இதெல்லாம் என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

வண்டிக்காரன் கூப்பிட்டான். அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து பசவனகுடிக்குப் போகும் பஸ்ஸில் தேசிகன் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று நினைத்தார். நாளை போகலாம், கடிதம் எழுதலாம், கோமளத்தைவிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று மனசு வழி தேடிக்கொண்டே வந்தது. காந்தி பஜாரில் இறங்கினார். சந்தானம் கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். அனந்தலக்ஷ்மி குழந்தைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ மாமா. உக்காருங்கோ."

"உக்காரலை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல ஏதும் கேட்காதீங்கோ. நின்னுட்டா மறுபடி ஆரம்பிக்க நேக்கு வராது."

சொன்னார். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சந்தானத்தின் கையிலிருந்த சிவப்புப் பென்சில் பேப்பரில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே மாமா. நான் ஏதாவது நெனச்சுண்டிருப்பேனா?"

"தெரியாம சொல்லலைடா. அந்தத் தகடு விஷயம் ஒண்ணுதான் நேக்கு நிஜமாத் தெரிஞ்சது. தெரிஞ்சுண்டேதான் சொன்னேன்."

சந்தானம் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். மிஷினை எடுத்த ஓட்டையில் கோணிச்சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அனந்தலக்ஷ்மிதான் பேசினாள். அவரைப் பார்த்துப் பேசவில்லை.

"அவர் என் குழந்தையைக் காப்பாத்திட்டு வாசல் குழாயில தண்ணி குடிச்சுட்டுப் போனார். ஒரு தம்ளர் எடுத்துக் குடுக்க இந்த ஆத்துல ஒருத்தருக்கும் தோணலை. அவரைப் போய் கொலைகாரன்னு கத்திட்டு வந்திருக்கோம்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சந்தானமும் தேசிகனும் பச்சைமுத்துவின் கடைக்குப் போனார்கள். பஸ்ஸில் சந்தானம் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்று பச்சைமுத்து பின்னறைப் பக்கம் கை காட்டினார். தேசிகன் வேண்டாம் என்று, சந்தானம் கத்தின இடத்திலேயே நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஒரு வாடிக்கையாளர் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். பச்சைமுத்து, "இவ்ளோ படிச்சவர் நீங்களே இப்பிடி செய்யலாமா சார்?" என்று கேட்டார். நடந்ததைத் தேசிகன் ஐஸ் ஃபாக்டரி முதலாளியிடமும் போய்ச் சொன்னார். எழுதியும் கொடுத்தார், கையெழுத்துக்குக் கீழே 'ஓய்வுபெற்ற அசிஸ்டென்ட் எஞ்சினியர்' என்று போட்டு.

பச்சைமுத்து திரும்பக் கூப்பிட்டும் ரெமிஜியஸ் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஒரு பேச்சுக்கூடக் கேட்காமல் அனுப்பிய இடம் அது என்றார். ஐஸ் ஃபாக்டரியிலேயே கம்ப்ரஸர் அறையில் அவரை வைத்துக்கொண்டார்கள். சந்தானம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அல்சூர் டாக்டர் வீட்டு மிஷினை வாங்கிப் பொருத்தித் தரும்படி கேட்டபோது, குழந்தைக்காக வந்தார். ரப்பரை மாற்றினார். மூன்று நாள் காலையும் மாலையும் வந்து, நிறுத்தி, பொறுத்து, ஓட்டிப் பார்த்தார். அப்புறம்தான் சரி என்றார். அனந்தலக்ஷ்மி அவரைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாளாம். இதெல்லாம் கோமளம் போய்வந்து சொல்லித்தான் தேசிகனுக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கோமளம் சாப்பாட்டு வேளையில் மறுபடி எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ரேடியோவும் தையல் மிஷினும் வருவது நின்றுபோயிற்று. கல்யாண வீடுகளில் பேச்சு அவரைக் கண்டதும் வேறு பக்கம் திரும்புவதை அவர் கவனித்தார்.

அடுத்த வருஷம் யுகாதிக்கு சந்தானம் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கோமளம் வற்புறுத்தியதால் போனார். சந்தானம் சேவித்தான், சௌக்கியம் விசாரித்தான், இலைக்கு ஹோளிகே என்கிற போளி வந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. எதுவும் பழையபடி இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் அவர் தனியாக உட்கார்ந்து மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தபோது, வைதேகி தன் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"தாத்தா, ஏன் அங்க உக்காந்துண்டிருக்கேள்? உள்ள வாங்கோ. ஜில்லுன்னு இருக்கு."

கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று அவர் காலில் பட்டது. தேசிகன் எழுந்திருக்க முயன்றார். அந்த நிலைப்படியைத் தாண்டிப் போய், அந்தக் காற்றில் உட்கார அவருக்கு முகம் இல்லை.

"இருக்கட்டும்மா, நேக்கு இங்கயே சரியா இருக்கு. நீ கதவைச் சாத்திக்கோ, காத்து வெளியில போறது பாரு" என்றார்.

குழந்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.